திரும்பும் நாள்: ஆகஸ்ட் 26

19 டிசம்பர் 2024, வியாழன்

திங்கட்கிழமை கூரியரில் போட்ட லேப் டிப் என்ற சாய மாதிரி, ஸ்டுட்கார்ட்டில் பையர் ஆபீஸில் டெலிவரி ஆகிவிட்டதாக மதியம் இரண்டு மணிக்கு டிராக்கிங் காட்டியது. உடனே மெயில் போட்டேன். ஏ, பி, சி மூன்று ஷேடு ஒட்டிய அட்டை வந்திருக்கும், பார்த்து எது ஓகே என்று சொன்னால் துணியைச் சாயத்துக்கு ஏற்றிவிடுவோம் என்று. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. பையர் பெண்மணி இவ்வளவு வேகமாகப் பதில் போட்டதே இல்லையே என்று திறந்தால், பதில் போட்டது அவர் இல்லை, மெஷின்.

மெயிலுக்கு நன்றி, நான் அலுவலகத்தில் இல்லை, ஆகஸ்ட் 26 அன்று திரும்புகிறேன், அவசரமென்றால் என் சக ஊழியரைத் தொடர்புகொள்ளுங்கள், என் மெயில்கள் வேறு யாருக்கும் அனுப்பப்பட மாட்டாது. இவ்வளவுதான் அதில் இருந்தது.

ஆகஸ்ட் 26. இன்றைக்கு மார்கழி 4. போன ஆகஸ்ட் முடிந்து நாலு மாதம் ஆகப் போகிறது. வரும் ஆகஸ்ட் என்றால் இந்த ஆர்டரின் பச்சை டீ-ஷர்ட்டை யாரும் வாங்கப் போவதில்லை.

சாயங்காலம் டையிங் அண்ணன் போன். "ஏனுங்கம்மணி, கலர் ஓகே ஆச்சுங்களா?" பதில் வந்துவிட்டது அண்ணா, ஆனால் வரவில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை.

20 டிசம்பர், வெள்ளி

சக ஊழியருக்கு எழுதினேன். அவரும் இன்றிலிருந்து லீவு. ஜனவரி 7 அன்று திரும்புவாராம். இவர் தேதியாவது சரியாக இருக்கிறது. அவசரமென்றால் யாரைக் கேட்பது? முதல் பெண்மணியை. ஆளுக்கொருவராகக் கை நீட்டிக்கொண்டு இருவருமே ஊரில் இல்லை.

கடைசியில் அவர்கள் டீமின் பொது முகவரிக்குப் போட்டேன். அங்கிருந்தும் உடனடிப் பதில்: உங்கள் மெயில் கிடைத்தது, இரண்டு வேலை நாட்களுக்குள் தொடர்புகொள்கிறோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலையில் இரண்டு வேலை நாள் என்றால் எந்த இரண்டு நாள் என்று காலண்டரை வைத்துக்கொண்டு யோசித்தேன். இன்பாக்ஸைப் பார்த்தால் இந்த ஆர்டருக்கு மூன்று பதில் வந்ததாகத் தெரிகிறது. எம்.டி. தூரத்திலிருந்து ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டு, "அதான் ரிப்ளை பண்ணிட்டாங்கல்ல?" என்கிறார்.

23 டிசம்பர், திங்கள்

ஆகஸ்ட் தேதி எப்படி வந்தது என்று சிஸ்டம் பார்க்கும் தம்பியிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே தன் அவுட்லுக்கைத் திறந்து காட்டினான். ஆட்டோமேட்டிக் ரிப்ளை பக்கத்தில் இரண்டு பெட்டி: ஒன்று கம்பெனிக்குள் இருப்பவர்களுக்கு, இன்னொன்று வெளி ஆட்களுக்கு. லீவு போடும்போது முதல் பெட்டியில் புதுத் தேதியை எழுதிவிட்டு ஓகே அழுத்திவிடுகிறார்கள். இரண்டாவது பெட்டியில் போன லீவுக்கு எழுதினது அப்படியே தூங்கிக்கொண்டிருக்கும். சுவிட்சைப் போட்டதும் அதுவும் சேர்ந்து எழுந்துவிடும்.

"அவங்க ஆபீஸ்ல யாருக்குமே இது தெரியாதுக்கா. உள்ள இருக்கறவங்களுக்குப் புதுத் தேதிதான் போகும். பழசு நம்மள மாதிரி ஆளுங்களுக்கு மட்டும்தான்."

இன்னொன்றும் சொன்னான். ஒரே கம்பெனிக்குள் என்றால், மெயில் எழுத ஆரம்பித்து, பெறுபவர் பெயரைப் போட்டவுடனேயே மேலே ஒரு மஞ்சள் பட்டையில் அவர் லீவில் இருக்கும் விஷயம் வந்துவிடுமாம். அனுப்புவதற்கு முன்பே தெரிந்துவிடும். வெளியில் இருப்பவர்கள் எழுதி, அட்டாச்மெண்ட் சேர்த்து, எழுத்துப்பிழை பார்த்து, அனுப்பிய பிறகுதான் தெரிந்துகொள்ள வேண்டும். சப்ளையருக்கு எதற்கு மஞ்சள் பட்டை.

26 டிசம்பர், வியாழன்

எரிச்சலிலேயே பெரிய எரிச்சல் இன்றுதான். நேற்று இரவு நினைவூட்டல் மெயில் ஒன்று போட்டிருந்தேன். அதற்கு ஒன்றுமே வரவில்லை. பதிலும் இல்லை, லீவு அறிவிப்பும் இல்லை. அப்படியென்றால் பெண்மணி திரும்பி வந்துவிட்டாரா? வந்து, மெயிலைப் பார்த்து, பேசாமல் இருக்கிறாரா? கிறிஸ்துமஸுக்கு மறுநாளும் அங்கே அரசு விடுமுறை என்பது தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

தம்பியைக் கூப்பிட்டேன். மெஷின் ஒருவருக்கு ஒரு தடவைதான் சொல்லுமாம். அவுட்லுக் பின்னால் இருக்கும் எக்ஸ்சேஞ்ச் சர்வர், யார் யாருக்குச் சொல்லியாயிற்று என்று பட்டியல் வைத்திருக்கும். அவர் சுவிட்சை அணைத்து மறுபடி போடும் வரை நமக்கு இரண்டாவது தடவை வராது. ஜிமெயில் என்றால் நாலு நாள் கழித்து எழுதினால் இன்னொரு தடவை சொல்லும். எல்லாவற்றுக்கும் மூத்தது யூனிக்ஸில் இருந்த 'வெகேஷன்' என்ற புரோகிராம். மெயில் அனுப்பும் 'சென்ட்மெயில்' மென்பொருளை எழுதிய எரிக் ஆல்மன்தான் இதையும் எழுதினாராம், கலிபோர்னியாவில் பெர்க்லியில், 1980-களில். அது ஒருவருக்குப் பதில் போட்டால் ஒரு வாரத்துக்கு அவரை மறுபடி தொந்தரவு செய்யாது. நம் பெயர் 'டு'விலோ 'சிசி'யிலோ இல்லாத மெயிலைக் கண்டுகொள்ளவே செய்யாது. நாற்பது வருஷத்துக்கு முன்பே ஒரு மனுஷன் இவ்வளவு யோசித்திருக்கிறார்.

யோசித்தது நல்லதுதான். ஒரே செய்தி பத்து தடவை வராமல் காப்பாற்றுகிறது. ஆனால் என் பக்கம் உட்கார்ந்து பார்த்தால், அந்த மௌனத்துக்கு இரண்டு அர்த்தம். ஆள் வந்துவிட்டார், அல்லது ஆள் இன்னும் வரவில்லை, எனக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று. எந்த அர்த்தம் என்று கண்டுபிடிக்க ஒரு வழிதான் இருக்கிறது. தம்பி தன் முகவரியிலிருந்து "டெஸ்ட்" என்று ஒரு மெயில் அனுப்பினான். ஐந்து விநாடியில் வந்தது: ஆகஸ்ட் 26. லீவில்தான் இருக்கிறார். நாளைக்குப் பார்க்க வேண்டுமென்றால் அக்கவுண்ட்ஸ் பெண்ணின் முகவரி இருக்கிறது. பேக்கிங் செக்‌ஷனில் கூட நாலைந்து பேருக்கு மெயில் உண்டு. உளவுக்கு ஆள் பஞ்சமில்லை.

28 டிசம்பர், சனி

எம்.டி. டிஎன்ஏ சார்ட்டை, அதாவது எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்ற அட்டவணையை, மேஜையில் விரித்துப் போட்டுக் கேள்வி கேட்டார். எனக்குத் தெரியாத கேள்வி எதுவும் இல்லை, பதில்தான் இல்லை.

சாயம் ஏற்றாத கிரே துணி நிட்டிங்கிலிருந்து வந்து டையிங் யூனிட்டில் இருக்கிறது. ஷேடு அப்ரூவல் இல்லாமல் ஒரு கிலோவைக்கூடச் சாய மெஷினில் போட முடியாது. போட்ட பிறகு பெண்மணி வேறு ஷேடைச் சொன்னால் துணி மொத்தமும் நம் தலையில். பொங்கலுக்கு முன் மெஷின் எல்லாருக்கும் வேண்டும். அண்ணன் நமக்கென்று இடம் பிடித்து வைத்திருக்கிறார், இரண்டு தடவை தள்ளியும் வைத்துவிட்டார். மூன்றாவது தடவை தள்ள மாட்டார், அதைச் சொல்லாமலே சொல்கிறார். பொங்கலுக்கு மதுரை, தேனி, திண்டுக்கல், நெல்லைக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டால் திருப்பூரில் தையல் லைனில் ஆள் உட்காராது. பிறகு அவர்கள் முழுசாகத் திரும்பி வர மாதக் கடைசி ஆகும்.

அந்தப் பக்கம் கப்பல். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போய்ப் பெரிய கப்பலில் மாறி, முன்பு செங்கடல் வழியாகப் போனது. இந்த வருஷம் முழுக்கவே கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. ஒன்றரை, இரண்டு வாரம் கூடுதல். தாமதமானால் ஏர் ஷிப்மெண்ட். அந்தக் கணக்கை எம்.டி. கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு அப்படியே கவிழ்த்து வைத்தார்.

அவர்களுக்கு லீவு ஜனவரி முதல் வாரம் வரை. நமக்கு ஜனவரி 13 முதல். நடுவில் இருக்கும் ஒரு வாரத்துக்குள் மொத்த ஆர்டரும் நுழைந்து வெளியேற வேண்டும்.

1 ஜனவரி 2025, புதன்

புது வருஷ வாழ்த்து மெயில்களைத் தவிர ஒன்றுமில்லை. அவற்றிலும் பாதி தானாகப் போகிற மாதிரி அமைத்து வைத்தவை.

தம்பி ஒரு போட்டோ காட்டினான். பிரிட்டனில், வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீயில், 2008-ல் வைத்த சாலைப் பலகை. அங்கே பலகை எல்லாம் ஆங்கிலம், வெல்ஷ் இரண்டிலும் இருக்க வேண்டும். கனரக வாகனங்கள் நுழையக்கூடாது, குடியிருப்புப் பகுதி என்ற ஆங்கில வாசகத்தை மொழிபெயர்க்கச் சொல்லி நகராட்சியிலிருந்து மெயில் போயிருக்கிறது. உடனே வெல்ஷில் பதில் வந்தது. வந்ததை அப்படியே பலகையில் எழுதி, கம்பம் நட்டுவிட்டார்கள். வெல்ஷ் தெரிந்தவர்கள் வண்டியை நிறுத்திப் படித்தால், நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பி வையுங்கள் என்று இருக்கிறது.

நாள் முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன். எங்கள் எம்.டி.யாக இருந்தால் நடாமல் விட்டிருப்பாரா? மெயில் வந்தால் பதில் வந்ததாகத்தானே கணக்கு.

3 ஜனவரி, வெள்ளி

பொது முகவரி சொன்ன இரண்டு வேலை நாள் இன்னும் முடியவில்லை.

கோபத்தில் ஸ்டுட்கார்ட், லீவு, மெயில் என்று தேடினால், அப்போது டைம்லர் என்ற பெயரில் இருந்த அதே ஊர்க் கார் கம்பெனி பற்றிய செய்தி கிடைத்தது. 2014-ல் அவர்கள் ஊழியர்களுக்கு ஒரு வசதி கொடுத்தார்கள். லீவில் இருக்கும்போது வரும் மெயிலை மெஷின் அழித்தே விடும். அனுப்பியவருக்கு, உங்கள் மெயில் அழிக்கப்படுகிறது, முக்கியமென்றால் இன்னாரிடம் கேளுங்கள், இல்லையென்றால் அவர் வந்த பிறகு திரும்ப அனுப்புங்கள் என்று சொல்லிவிடும். விருப்பப்பட்ட ஊழியர்களுக்கு மட்டும். லீவு முடிந்து வருபவருக்கு இன்பாக்ஸ் காலியாக இருக்கும்.

முதலில் ஆத்திரம்தான் வந்தது. நான் எழுதினதை அழிப்பதா? அப்புறம் யோசித்தால் அதுதான் நேர்மை என்று பட்டது. உன் மெயில் இங்கே இல்லை என்றால் இல்லை. நான் உட்கார்ந்து "பார்த்திருப்பாரா, மாட்டாரா" என்று சீட்டுப் போட்டுப் பார்க்க வேண்டாம். பிரான்ஸில் 2017 முதல், வேலை நேரத்துக்கு வெளியே மெயிலைத் தொடாமல் இருப்பதைச் சட்டத்திலேயே உரிமையாக எழுதியிருக்கிறார்கள். நம் மக்களவையில் சுப்ரியா சுலே 2018-ல் இப்படி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். சட்டமாகவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு எம்.டி.யின் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் வரும்போதெல்லாம் அந்த மசோதாவை நினைத்துக்கொள்வேன்.

6 ஜனவரி, திங்கள்

பெண்மணியாவது இன்றைக்கு வந்துவிடுவார் என்று ஒரு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தேன். நமக்கு ஒரு மணி என்றால் அவர்களுக்கு எட்டரை. ஹாம்பர்க் பையரிடமிருந்து மளமளவென்று மெயில்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து மூச்சே இல்லை. பேக்கிங் செக்‌ஷன் முகவரியிலிருந்து உளவு பார்த்தோம். ஆகஸ்ட் 26.

செக்கிங்கில் இருக்கும் ஸ்டெல்லா அக்காதான் சொன்னார்: இன்றைக்கு மூன்று ராஜாக்கள் திருநாள். தேடிப் பார்த்தேன். ஜெர்மனியில் எல்லா மாநிலத்திலும் இதற்கு லீவு கிடையாது. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க், பவேரியா, சாக்சனி-அன்ஹால்ட் மூன்றில் மட்டும் உண்டு, ஹாம்பர்க்கில் இல்லை. லீவு அறிவிப்பில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் இன்றைக்கு மதியச் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டிருப்பேன்.

7 ஜனவரி, செவ்வாய்

1.10-க்குப் பெண்மணியின் பதில் வந்தது. நாலே வரி. பி ஓகே. டி65 விளக்கில் பொருந்துகிறது. டிஎல்84-ல் கொஞ்சம் சிவப்படிக்கிறது, பல்க்கில் அதைக் குறைக்கவும். தாமதத்துக்கு மன்னிக்கவும், இனிய புத்தாண்டு.

அவர் சொல்வது சரிதான். பி அட்டையை நானும் மறுபடி லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தேன். பகல் வெளிச்ச விளக்கில் வெயிலில் காய்ந்த வேப்பிலை நிறம். கடை விளக்கான டிஎல்84-க்கு மாற்றினதும் ஓரத்தில் ஒரு செம்மை ஏறுகிறது; கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். அட்டை டெலிவரியாகிப் பத்தொன்பது நாள் ஆன ஒரு விஷயத்தைப் பத்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிட்டார். வேலையில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "சிவப்பக் குறைக்கோணுமுங்களா? குறைச்சுப் போடுலாமுங்கம்மணி. ராத்திரியே ஏத்திர்றனுங்க."

10 ஜனவரி, வெள்ளி

துணி காம்பாக்டிங் முடிந்து வந்துவிட்டது. கட்டிங் ஓடுகிறது.

பொங்கலுக்கு எல்லாரும் ஆட்டோ ரிப்ளை போட வேண்டும் என்று எம்.டி. உத்தரவு. ஜெர்மன்காரர்களைப் பார்த்து வந்த ஆசை. நான் எழுதிக் கொடுத்தது: பொங்கல் பண்டிகைக்காக 13 முதல் 19 வரை எங்கள் நிறுவனம் மூடியிருக்கும், 20 அன்று திரும்புகிறேன், அதற்குள் முடிவெடுக்க வேண்டியது இருந்தால் இன்னார், அவருக்கு அப்ரூவ் செய்யும் அதிகாரம் உண்டு. இந்தக் கடைசி வரியை வேண்டுமென்றே சேர்த்தேன். மாற்று ஆள் என்று ஒரு பெயரைப் போட்டுவிட்டு, அந்த ஆளால் "சொல்லி வைக்கிறேன்" என்பதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாமல் இருந்தால் பெயர் எதற்கு?

எம்.டி. படித்துவிட்டுத் திருத்தினார். அதிகாரம் பற்றிய வரியை அடித்தார். ஏற்படும் சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம் என்று மேலே சேர்த்தார். கீழே என் மொபைல் நம்பர், பிறகு அவர் நம்பர், வாட்ஸ்அப்பில் எந்த நேரமும் தொடர்புகொள்ளலாம். "பையர் நம்மளத் தேடக்கூடாதும்மா."

அந்தப் பெண்மணியின் அறிவிப்பில் போன் நம்பர் எங்கேயாவது இருந்ததா என்று பழைய மெயிலைத் திறந்து பார்த்தேன். இல்லை. வருத்தமும் இல்லை.

13 ஜனவரி, திங்கள்

போகி. உடுமலைக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் நின்றுகொண்டுதான்.

15 ஜனவரி, புதன்

மாட்டுப் பொங்கலும் அதுவுமாகக் காலையிலிருந்து போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஷிப்பிங் மெயிலின் நகல் எனக்கும் வரும். திறந்தால் சரக்கு ஏஜெண்டிடமிருந்து: உங்கள் மெயில் கிடைத்தது, டிக்கெட் எண் இன்னது. அதற்கு எங்கள் பதில்: பொங்கல் விடுமுறை, மிகவும் வருந்துகிறோம். அதற்கு அவர்கள்: மெயில் கிடைத்தது, புது டிக்கெட் எண். அதற்கு நாங்கள்: மிகவும் வருந்துகிறோம். ராத்திரி முழுக்க இரண்டு மெஷினும் ஒன்றுக்கொன்று மரியாதை செய்துகொண்டிருந்திருக்கின்றன. டிக்கெட் எண் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

தம்பி வத்தலகுண்டில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். ஷிப்பிங்கில் யாரோ, லீவு அறிவிப்புக்கென்று இருக்கும் இடத்தில் போடாமல், வருகிற மெயில் எதுவானாலும் இதை அனுப்பு என்று ஒரு ரூல் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ரூலுக்கு யாருக்குச் சொன்னோம் என்ற ஞாபகம் கிடையாது. இதற்கு ஊர் உலகத்துக்கே ஒரு விதிமுறை இருக்கிறதாம்: ஆர்எஃப்சி 3834, 2004-ல் வந்தது. தானாகப் போகும் மெயிலின் தலைப்பகுதியில், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், 'ஆட்டோ-சப்மிட்டட்' என்று ஒரு அடையாளம் இருக்க வேண்டும். அந்த அடையாளம் உள்ள மெயிலுக்கு இன்னொரு மெஷின் வாய் திறக்கக்கூடாது. "நம்ம ரூல் அதைப் பாக்கல. அவங்க சாப்ட்வேர் அதைப் போடவே இல்லக்கா. ரெண்டும் ஒழுங்கா இருந்திருந்தா நின்னுருக்கும்." ஈரக் கையோடு போனிலேயே ரூலை அணைத்தான். பின்னணியில் மாட்டு மணிச் சத்தம் கேட்டது.

17 ஜனவரி, வெள்ளி

ஸ்டுட்கார்ட் பெண்மணியிடமிருந்து மெயில், சைஸ் லேபிள் பற்றி. என் பெயரில் மெஷின் வருத்தம் தெரிவித்து, இரண்டு நம்பரும் கொடுத்திருக்கும். அவர் கூப்பிடவில்லை. எம்.டி. கூப்பிட்டார், அந்த மெயிலைப் பார்த்தாயா என்று.

20 ஜனவரி, திங்கள்

தையல் லைன் பாதி நிரம்பியிருக்கிறது. சைஸ் லேபிள் விஷயத்தை முடித்தேன். பெண்மணி எழுதியிருந்தார்: உங்கள் அறிவிப்பைப் பார்த்தேன், அதனால் திங்கள் வரை காத்திருந்தேன், விடுமுறையில் யாரையும் போனில் தொந்தரவு செய்யும் பழக்கம் எனக்கு இல்லை.

இதுதான் சமயம் என்று ஆகஸ்ட் 26 சமாச்சாரத்தைச் சொன்னேன். குறை சொல்கிற தொனி வந்துவிடக்கூடாதே என்று மூன்று வரி மெயிலுக்கு அரைமணி நேரம். வெளியாட்களுக்கான பெட்டியைப் பாருங்கள் என்று இடத்தையும் குறிப்பிட்டு எழுதினேன்.

21 ஜனவரி, செவ்வாய்

பதில் வந்திருந்தது, மனுஷப் பதில். அக்டோபரிலும் ஒரு வாரம் லீவில் போனாராம், அப்போதும் இதே தேதிதான் எல்லாருக்கும் போயிருக்கிறது. பங்களாதேஷ், துருக்கி, போர்ச்சுகல் என்று அவருக்கு எத்தனையோ சப்ளையர்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஏன் யாரும் சொல்லவில்லை என்று என்னைக் கேட்கிறார். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

டிஎன்ஏ சார்ட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன். பையரின் மாநிலம், அந்த மாநிலத்து விடுமுறை. அடுத்து வருவது ஏப்ரல்: 14 திங்கள் நமக்குத் தமிழ்ப் புத்தாண்டு, 18 பெரிய வெள்ளி, 21 ஈஸ்டர் திங்கள் அவர்களுக்கு. 11-க்குள் அப்ரூவல் வராத ஷேடு எதையும் அந்த மாதம் டையிங் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "ஆகட்டுங்கம்மணி" என்றார்.